நீ விளையாடாத பிள்ளையோ?

பிள்ளை, முந்தநாள் இரவு நீ கோல்ல சொன்ன கதை இன்னும் என்ர மண்டைக்குள்ளயே நிக்குது. டேகெயார்ல அந்த நாலு வயசுப் பெடியன் மண்பெட்டிக்குள்ள இருந்துகொண்டு, மிஸ் நீங்க சின்னனில என்ன விளையாடினனீங்க எண்டு கேக்க, எங்கட ஊரில அப்ப சண்டை, நாங்கள் விளையாடேல்ல எண்டு டக்கெண்டு சொல்லிட்டியாம். அதை என்னட்ட சிரிச்சுக்கொண்டு சொல்லுறாய். நானும் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு இருந்திட்டன், அப்பா பக்கத்தில வலை பொத்திக்கொண்டு இருந்தவர், அவரும் ஒண்டும் சொல்லேல்ல. கோலை வச்சு அரை மணித்தியாலம் கழிச்சுத்தான் எனக்கு கோவம் வந்தது. நீயோ விளையாடேல்ல? நீயோ? உன்ர விளையாட்டால நான் பட்ட பாடு எனக்கெல்லோ தெரியும்.

அதுதான் எழுதுறன். சித்தியிட மகன் இந்தப் போனில தமிழ் அடிக்கக் காட்டித் தந்தவன், ஒரு விரலாலதான் அடிக்கிறன், பிழை இருந்தா பேசாத. வொய்ஸ் மெசேஜ் போடலாம், ஆனா இடையில அழுதிடுவன், நீ அங்க பஸ்ஸுக்குள்ள இருந்து கேட்டுட்டு நீயும் அழுவாய், ஏன் வீண் வேலை.

சண்டை நேரத்துக் கதைய நான் இதில கனக்க எழுத மாட்டன். 2009ல உனக்கு ஆறு வயசு, உனக்கு எது ஞாபகம் இருக்கோ அது இருக்கட்டும், நானா ஒண்டும் கூட்டிச் சேர்க்கேல்ல. ஆனா முகாமில இருந்து தொடங்கிறன், ஏனெண்டா முகாமிலயே நீ தொடங்கிட்டாய். செட்டிகுளம் மெனிக்பாம், ரெண்டு லட்சத்துக்கு மேல சனத்தைக் கொண்டுவந்து கம்பி வேலிக்குள்ள விட்டிருந்தவங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெரியாளின்ர பேர், இராமநாதன் முகாம், அருணாசலம் முகாம், ஆனந்த குமாரசுவாமி முகாம் எண்டு. நீ அம்மம்மாட்ட கேட்டனி, ஆரம்மம்மா இராமநாதன், அவரோ இந்தக் கம்பி வேலிக்குச் சொந்தக்காரர் எண்டு. அம்மம்மா சிரிச்ச சிரிப்பு, எத்தினையோ மாசத்துக்குப் பிறகு மனுசி சிரிச்சது அண்டைக்குத்தான்.

அங்க நீங்கள் எல்லாரும் விளையாடினது லைன் விளையாட்டு. தறப்பாள் கொட்டிலுக்குப் பின்னால பத்துப் பன்ரண்டு பிள்ளையள் வரிசையா நிப்பியள், கையில தகரப் பேணி, முன்னுக்கு ஒரு பிள்ளை தடியால கிண்டிக் கிண்டி மண்ணை அள்ளி ஊத்தும், கடைசிப் பிள்ளையிட முறை வரேக்க, முடிஞ்சுது முடிஞ்சுது நாளைக்கு வாங்கோ எண்டு கத்த எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பியள். கடைசி ஆளா நிக்கிறதுக்குத்தான் உங்களுக்குள்ள அடிபாடு. எனக்கு அதைப் பாக்க ஏலாது. நான் அண்டைக்கே ரெண்டு லைனில நிண்டு தண்ணி இல்லாம வெறுங் கலனோட திரும்பி வந்திருப்பன், நீ அதை வச்சு விளையாடிக்கொண்டு இருப்பாய். எழும்பி வாடி எண்டு இழுத்துக்கொண்டு வருவன். ஏன் இழுக்கிறன் எண்டு எனக்கே தெரியாது.

மூண்டு வருசத்துக்கு மேல அதுக்குள்ள கிடந்திட்டு 2012 புரட்டாதியில முகாமை மூடி, அங்க இங்க எண்டு அலைக்கழிஞ்சு ஊருக்கு வந்து சேரேக்க உனக்கு ஒன்பது முடிஞ்சுது. ஊரெண்டு என்ன, பனையள் தலையில்லாம நிக்குது, கிணத்துக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியாது, வளவு எல்லை தெரியாது. அப்பா எங்கயோ இருந்து பழைய தகரம் கொண்டுவந்து கூரை போட்டவர், அதில சன்னம் பட்ட ஓட்டையள். காலமை வெய்யில் ஏற ஏற அந்த ஓட்டையளுக்கால வட்ட வட்டமா வெளிச்சம் நிலத்தில விழும். எனக்கு அது மழைக்கு ஒழுகப்போகுதெண்ட கவலை. நீ அதுகளை கோழிக்குஞ்சுகள் எண்டனி. ஞாபகம் இருக்கோ? மொத்தம் இருபத்தாறு குஞ்சு. காலமை மேற்குப் பக்கச் சுவரில நிக்கும், பிறகு இறங்கி மெல்ல மெல்ல நடந்து மத்தியானம் உன்ர பாயில வந்து ஏறும், நீ அதுகளுக்கு குருணல் போடுறன் எண்டு உண்மையான அரிசியைக் கொண்டுபோய் கொட்டி என்னட்ட அடி வாங்கினனி. மாரிக்கு அப்பா தார் வாங்கி ஓட்டையளை அடைச்சவர். நீ ரெண்டு நாள் அவரோட கதைக்கேல்ல. மூண்டாம் நாள் போய்ப் பாத்தா ஒரு மூலையில ரெண்டு ஓட்டை அடைபடாமக் கிடக்குது, அந்தாள் வேணுமெண்டு விட்டிருக்குது. மழை பெய்யேக்க அதுக்குக் கீழ ஒரு சட்டி வச்சிருந்தனான், ரெண்டு மாரி.

பிறகு உன்ர மாடுகள். சோளகம் எழும்பினா கரையில ராவணன் மீசைப் புல்லு பிடுங்குப்பட்டு உருண்டு உருண்டு ஓடுமெல்லோ, முள்ளு முள்ளா பந்து மாதிரி, அதுகள் உன்ர மாடுகள். எங்கட பக்கம் சோளகம் தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து, அதால மாடெல்லாம் ஓடிப்போய் கடலுக்க விழும், நீ ஐயோ என்ர மாடு என்ர மாடு எண்டு குழறிக்கொண்டு மறிச்சுக்கொண்டு ஓடுவாய், பக்கத்து வளவுப் பிள்ளையளும் உனக்குப் பின்னால. அடம்பன் கொடியால பட்டி கட்டி வச்சிருந்தனீங்கள். கரைவலை இழுக்கிற ஆக்களே வேலையை விட்டிட்டு நிண்டு பாத்தவை. கரைவலை முதலாளி சம்மாட்டியார் ஒருநாள் அப்பாட்ட கேட்டவராம், என்னடாப்பா உன்ர மகள் மாட்டை விக்குதோ, எனக்கொரு பசு வேணுமெண்டு. இதெல்லாம் விளையாட்டில்லாம வேறென்ன பிள்ளை, நீ என்ன பண்ணையோ வச்சிருந்தனி?

சரி, நான் வேலைக்குப் போன கதைக்கு வாறன், அதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு.

2013ல நான் கண்ணிவெடி எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தனான். அப்பாக்கு விருப்பமில்ல, ஆனா கடலுக்குப் போக வள்ளமும் இல்ல, எஞ்சினும் இல்ல, வலையும் இல்ல. வெள்ளன நாலரைக்கு வான் வரும், உன்னை அம்மம்மாட்ட விட்டிட்டுப் போவன். முகத்துக்கு கண்ணாடி மூடி, நெஞ்சுக்கு பாரமான அங்கி, முழங்காலில இருந்துகொண்டு ஒரு மீற்றர் அகலத்துப் பாதையில கொஞ்சங் கொஞ்சமா முன்னேறோணும். எங்கட பக்கத்து மண்ணில டிடெக்டர் வச்சா அது கத்திக்கொண்டே இருக்கும், அவ்வளவு இரும்பு, அவ்வளவு சன்னம், அதால கன இடத்தில முள்ளுவாரியால மண்ணை மெல்ல மெல்ல விறாண்டித்தான் பாக்கிறது. வெள்ளைத் தலைத் தடி நட்டா இந்தப் பக்கம் காலை வைக்கலாம், சிவப்புத் தலைத் தடி எண்டா அங்கால போகக் கூடாது. ஷூ பொலிஷ் டப்பா அளவுதான் இருக்கும் பிள்ளை அந்த மிதிவெடி, பிளாஸ்ரிக், ஒரு பிள்ளையிட காலுக்கு அது காணும். ஜொனி எண்டு மரப்பெட்டி மாதிரி ஒண்டு, அது வேற.

மண்ணை விறாண்டேக்க மிதிவெடி மட்டும் வாறேல்ல. சீலைத் துண்டுகள் வரும். சண்டை நேரம் பங்கருக்கு அடுக்கிற மண்மூடைக்கு சாக்கில்லாம நாங்கள் எல்லாரும் சீலையைக் கிழிச்சுத்தானே மூடை தைச்சனாங்கள், என்ர கூறைச் சீலையும் அதுக்குள்ளதான் போனது, எத்தினை பொம்பிளையளின்ர கூறை. சரிகை கறுத்துப்போய், நிறம் மட்டும் அப்பிடியே, மாம்பழ நிறம், மயில் பச்சை. கரையில உங்களுக்கும் அது ஆப்பிட்டது. நீ அதை இழுத்து இழுத்து எடுத்து கழுவிக் காயப்போட்டு சேர்த்து வச்சிருந்தனி, கடலுக்குள்ள ஒரு ராசாத்தி இருக்கிறாவாம், அவ அலுமாரியை ஒதுக்கி பழசெல்லாம் எறியிறாவாம். நான் ஒருக்கா வேலையால வந்து பாக்கிறன், கொடியில ஒரு முழ அளவு அரக்குச் சிவப்பு காத்தில ஆடுது. அது என்ரயோ ஆற்றயோ, எல்லாற்றயும் ஒரே மாதிரித்தானே. நீ வந்து கேட்டனி, அம்மா ராசாத்திட்ட எத்தினை சீலை இருக்கும் எண்டு. நான் ஒண்டும் சொல்லாம உலை வைக்கப் போனனான்.

மண்டையர் மாமாவை நீ மறந்திருக்க மாட்டாய். எங்கட ஒழுங்கை முடிஞ்சு பத்தைக் காடு தொடங்கிற இடத்தில சிவப்புப் பலகை, மண்டையோடு கீறி, மிதிவெடி எண்டு எழுதி. மற்றப் பிள்ளையள் அதுக்கு கல்லெறிஞ்சு விளையாடினவை. நீதான் அதுக்குப் பேர் வச்சு, மாமா கன நாளா சாப்பிடேல்ல, சாப்பிடாமக் கிடந்து உடம்பு கரைஞ்சு தலை மட்டும் மிஞ்சிட்டுது, இப்ப நித்திரை, காலடி கேட்டா எழும்பி காலைத்தான் முதல் கடிப்பார் எண்டு ஒரு கதை கட்டினனி. ஒழுங்கையால போகேக்க ஏழு பிள்ளையளும் செருப்பைக் கழட்டி கையில எடுத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு பூனை மாதிரி போவியள். பள்ளிக்கூடத்துக்கு வெடிபொருள் விழிப்புணர்வு எண்டு நாடகம் போட வாற எங்கட ரீம் பிள்ளை ஒண்டு இதைப் பாத்திட்டு என்னட்ட சொன்னது, அக்கா நாங்கள் நோட்டீஸ் குடுத்து பாட்டுப் பாடி சொல்லுறதை உங்கட மகள் ஒரு மாமாவை வச்சு முடிச்சிட்டாள் எண்டு. எனக்குப் பெருமைதான், ஆனா வீட்ட வந்து உன்னட்ட சொல்லேல்ல. உன்னைப் புளுக விட்டா இன்னும் தூரம் போவாய் எண்ட பயம்.

இடையில ஒண்டு, சிரிப்பா இருக்கு இப்ப. வைகாசிக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் சிலாவத்தைக் கடலில தீர்த்தம் எடுத்து வந்து காட்டா விநாயகர் கோயிலில கடல் தண்ணியில விளக்கெரிக்கிறதை அம்மம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு போய் காட்டினவ. அதுக்குப் பிறகு ஒரு கிழமை வீட்டில திரி இல்ல. சிரட்டைக்குள்ள கடல் தண்ணியை விட்டு திரியைப் போட்டு நெருப்புப் பெட்டி ஒண்டு முழுக்க உரசி முடிச்சிட்டு வந்து நிக்கிறாய், எரியேல்லயாம். அம்மம்மா சொன்னவ, அதுக்கு அம்மாள் மனம் வைக்கோணுமடி எண்டு. நீ விடேல்ல, எங்கட கடல் தண்ணி பிழையோ, சிலாவத்தைத் தண்ணியும் இதுவும் ஒரே கடல்தானே எண்டு. அந்தக் கேள்விக்கு இப்பவும் என்னட்ட மறுமொழி இல்ல.

இப்ப கப்பல்.

2006 டிசம்பரில அந்த ஜோர்தான் கப்பல், பாறா, எஞ்சின் பழுதாகி முல்லைத்தீவுக் கரையில வந்து இறுகினது, 14,000 தொன் அரிசியோட. உனக்கு அப்ப மூண்டு வயசு, அண்ணாக்கு ஒன்பது. அண்ணா அப்பாவோட சைக்கிள் பாரில இருந்து போய்ப் பாத்திட்டு வந்து ஒரு மாசம் அதைத்தான் கதைச்சவன். உன்னை மடியில வச்சுக்கொண்டு சொல்லுவான், அது கப்பலில்லடி, அது படி வச்ச ஒரு ஊர், உள்ளுக்க ஒழுங்கை இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, குசினிதான் எங்கட கோயில் அளவு எண்டு. அவன் உள்ளுக்கு ஒண்டும் போகேல்ல, கரையில நிண்டு பாத்தது மட்டும். புளுகன். உனக்கு விளங்கிச்சோ என்னவோ, வாயைப் பிளந்துகொண்டு கேப்பாய்.

நாங்கள் திரும்பி வரேக்க அண்ணா இல்ல, கப்பல் இருந்தது. துருப்பிடிச்சு, சரிஞ்சு, ஒரு பக்கம் பிளந்து. கிட்டப் போக ஏலாது, ஆமி நிண்டது, தெற்கில இருந்து பஸ் பஸ்ஸா சனம் வந்து அதுக்கு முன்னால நிண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகும். எங்கட கரையில இருந்து பாத்தா தூரத்தில கறுப்பா தெரியும். உன்ர மண்சோறு விளையாட்டில எப்பவும் ஒரு சிரட்டை கூட. அதை மற்றப் பிள்ளையள் சாப்பிட விடமாட்டாய், சோறு, கறி, சொதி எல்லாம் போட்டு கப்பல் பாத்த பக்கமா தண்ணி விளிம்பில கொண்டுபோய் வச்சிட்டு வருவாய். அலை வந்து எடுத்துக்கொண்டு போகும். எனக்கு முதல் தெரிஞ்சது என்ர சிரட்டையள் குறையுதெண்டதுதான். அம்மம்மாதான் சொன்னவ, உவள் அவனுக்கு சோறு அனுப்புறாளடி, கப்பலுக்குள்ள அண்ணாவும் அந்த நாய்க்குட்டியும் இவளோட நேர்சரியில படிச்ச பிள்ளையளும் இருக்கினமாம் எண்டு.

அதைக் கேட்ட எனக்கு உடம்பெல்லாம் கொதிச்சது. என்னால ஒருக்கால் கூட அவன்ர பேரை வாயால சொல்ல ஏலாம இருக்கேக்க நீ அவனுக்கு சோறு போட்டு விளையாடுறாய். அப்பாட்ட சொன்னன், இவளைக் கண்டியுங்கோ எண்டு. அந்தாள் என்ன செய்தது தெரியுமோ, அடுத்த கிழமை உன்னை ஆற்றயோ வள்ளத்தில ஏத்திக்கொண்டு போய் கப்பல் நல்லாத் தெரியிற இடமட்டும் காட்டிக்கொண்டு வந்தது. நீ கை காட்டினனியாம், அவரும் கை காட்டினவராம். ஒரு மாசம் நான் அந்தாளோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல.

அதுக்குப் பிறகுதான் முத்து வந்தது. இதை எழுதாம விடுவமோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சனான். ஆனா நீ விளையாடேல்ல எண்டு சொன்னதுக்கு காரணம் இதுதானெண்டு நினைக்கிறன், அதால எழுதுறன்.

நான் வேலையால வாறன், பின்னேரம் மூண்டு மணி இருக்கும், நீ திண்ணையில சப்பாணி கட்டி இருந்து ஏணை ஆட்டிக்கொண்டு இருக்கிறாய். ராசாத்தியிட அந்த அரக்குச் சீலைத் துண்டாலதான் ஏணை. ஒரு பொம்மையைக் கிடத்தி தாலாட்டுறாய், பேர் முத்துவாம், கரையில கண்டெடுத்ததாம், சரியான குளிராக் கிடந்ததாம், சுத்தி வச்சிருக்கிறாயாம். நான் குனிஞ்சு பாத்தன். தங்கக் கலர் மூக்கு. நாப்பது மில்லி ஷெல். வெடிக்காதது.

எட்டு மாசம் படிச்ச பாடம், தொடாத, ஆட்டாத, ஆக்களை விலத்து, அறிவி. ஒண்டும் மண்டையில இல்ல, உன்ர கையைப் பிடிச்சு இழுத்து தூக்கி அம்மம்மாவையும் தள்ளிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினதுதான் தெரியும். நீ முத்து முத்து எண்டு குழறுறாய். எங்கட ரீம் வந்து பாத்து, அடுத்த நாள் காலமை மண்மூடை அடுக்கி வெடிக்க வச்சவை. அந்தச் சத்தம் கேட்டு நீ என்னைப் பாத்து கேட்டனி, என்ர பிள்ளையை வெடிக்க வச்சிட்டீங்களோ அம்மா எண்டு.

நான் அடிச்சன். உனக்கு ஞாபகம் இருக்கும். முதல் நாள் பயத்தை எல்லாம் சேர்த்து அண்டைக்கு அடிச்சன். அதோட விட்டிருக்கலாம். உன்ர பெட்டியை எடுத்து, சீலைத் துண்டு, பனங்கொட்டை ஊமல் தேர், சோகிச் சிப்பி, அண்ணா செய்து தந்த அந்தத் தடிக் கப்பல், அதை முகாம் முழுக்க சட்டைக்குள்ள ஒளிச்சு கொண்டு திரிஞ்சனி, எல்லாத்தையும் அடுப்புக்குள்ள போட்டனான். சிப்பி எரியாது, அது வெடிச்சு வெடிச்சு சத்தம் போட்டுக்கொண்டு இருந்தது. இனி விளையாட்டெண்டு வாயெடுத்தா கொண்டு போடுவன் எண்டு சொன்னன்.

நீ விளையாடேல்ல. நாலஞ்சு மாசம். பள்ளிக்கூடத்தால வந்தா திண்ணையில காலை மடக்கிக்கொண்டு இருப்பாய். கோழிக்குஞ்சு ரெண்டும் நிலத்தில நடந்து போகும், நீ பாக்க மாட்டாய். மாடுகள் கடலுக்க விழும். பக்கத்து வளவுப் பிள்ளையள் வந்து கூப்பிட்டா தலையிடிக்குது எண்டுவாய். ஊரில எல்லாரும் சொல்லிச்சினம், உன்ர மகள் நல்லா அடங்கிட்டாள், பொறுப்பா வந்திட்டாள் எண்டு. நானும் அப்பிடித்தான் நினைச்சனான் முதல். இப்ப யோசிச்சா, நீ உன்ர சின்ன வயசெண்டு தூக்கிக்கொண்டு போனது அந்த நாலஞ்சு மாசத்தைத்தானோ எண்டு இருக்குது. மற்றதெல்லாம் எங்கட வீட்டிலயே விட்டிட்டுப் போட்டாய்.

பிறகு கப்பலை வெட்டத் தொடங்கினாங்கள். இரும்புக்கு. ராவில நெருப்புப் பொறி தெரியும், பகலில லொறி போகும், கிழமைக்குக் கிழமை அது சின்னனாகிக்கொண்டு வந்தது. நீ ஒண்டும் கேக்கேல்ல. கரைக்குப் போய் நிண்டு பாத்திட்டு வருவாய். எனக்கு அதைத் தாங்க ஏலேல்ல, நீ கேட்டிருந்தா ஏசியிருப்பன், கேக்காம இருக்கிறதுதான் பெரிய வில்லங்கமா இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையில்ல, உனக்குப் பின்னால நானும் வந்தன். பக்கத்தில இருந்தன். கன நேரம் யோசிச்சு, நான் சொன்னன், பிள்ளை, கப்பலை வெட்ட முதலே அண்ணாவையள் அங்க இருந்து வெளிக்கிட்டிட்டினமாம், இப்ப எங்கட வளவுக் கிணத்தடிப் பக்கம் வந்திட்டினமாம் எண்டு. சொல்லேக்க என்ர குரல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவன்ர கதையை நாலு வருசத்துக்குப் பிறகு வாயால எடுத்தது அண்டைக்குத்தான்.

நீ திரும்பி என்னைப் பாத்தனி. பத்து வயசு. ஒரு ரீச்சர் மாதிரிப் பாத்திட்டு சொன்னனி, அம்மா, அது சும்மா விளையாட்டுக்கு அம்மா. அண்ணா செத்திட்டாரெண்டு எனக்குத் தெரியும்தானே.

நான் அழத் தொடங்கிட்டன், மண்ணில இருந்து, சத்தம் போட்டு. கரைவலைக்காரர் எல்லாம் பாக்கினம். நீ கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, சரி அழாதேங்கோ, வேணுமெண்டா இண்டைக்கு ஒருக்கா வைப்பம் எண்டு சொல்லி எழும்பிப் போய் எங்கயோ இருந்து ரெண்டு சிரட்டை பொறுக்கிக்கொண்டு வந்தனி. நான் மண்ணைக் குழைக்க, நீ தண்ணி கூடிப்போச்சு அம்மா, இது கஞ்சியாப் போச்சு, அவருக்கு கஞ்சி பிடிக்காது எண்டு ஏசினனி. அடம்பன் இலையில வறை, சோகிய முட்டையெண்டு மேல வச்சு. நான் கொஞ்சம் மாசி போடட்டோ எண்டு கேட்டன், அதுவும் விளையாட்டுக்கு மாசிதான், மரத்தூள். ஓம் போடுங்கோ எண்டனி. அலை வந்து முதல் முறை சிரட்டையைத் திருப்பி எங்கட காலடியிலயே கொண்டு வந்து போட்டது, உப்பில்லையாக்கும் எண்டனி, ரெண்டு பேரும் சிரிச்சம்.

அண்டைக்குத்தான் நான் உன்னோட விளையாடினது. ஒரே ஒரு நாள். அடுத்த நாள் நாலரைக்கு வான் வந்திட்டுது.

தடிக் கப்பலை எரிச்சதுக்கு நான் உன்னட்ட இதுவரை ஒண்டும் சொன்னதில்ல. அது அவன் செய்தது எண்டு தெரிஞ்சுகொண்டுதான் போட்டனான். அதைக் கண்ணுக்கு முன்னால வச்சிருக்க எனக்குத்தான் ஏலாம இருந்தது, உன்ர பிழையில்ல, முத்துவும் உன்ர பிழையில்ல.

இப்பவும் நான் அதே வேலைதான். 2028 ஜூனுக்குள்ள நாட்டில எல்லா மிதிவெடியும் எடுத்து முடிக்கோணுமெண்டு கணக்கு, அதுக்குப் பிறகு எனக்கு என்ன வேலையெண்டு தெரியாது, கோழி வளப்பம் எண்டு அப்பா சொல்லுறார், உண்மையான கோழி. மண்டையர் மாமா நிண்ட இடத்தில இப்ப கச்சான் போட்டிருக்கினம், பலகையைக் கழட்டி கன வருசம். ஆனா அந்த ஒழுங்கையால போகேக்க இண்டைக்கும் நான் செருப்புச் சத்தம் கேக்காமத்தான் நடக்கிறன், சொன்னா சிரிப்பாய்.

அந்தப் பெடியன் திருப்பிக் கேட்டா சொல்லு, மாடு வச்சிருந்தனான், காத்தில ஓடுற மாடு எண்டு. நம்ப மாட்டான் எண்டா, சோளகம் தொடங்கட்டும், வீடியோ எடுத்து அனுப்புறன். அப்பாவை மறிக்கச் சொல்லித்தான் எடுக்கோணும், முழங்கால் நோவோட அந்தாள் ஓடுற ஓட்டத்தையும் அவன் பாக்கட்டும்.

மூண்டரை ஆச்சுது, தேத்தண்ணி வைக்கோணும். அப்பா கேக்கிறார், வெளிக்கிடேக்க குளிருக்கு காதை மூடிக்கொண்டு போறனியோ எண்டு.

அம்மா